மூன்று துறைகளும் ஓர் இருக்கையும்

இல்லை, போகிறவள் நான் இல்லை. வழி போட்டுக் கொடுத்தவள் மட்டுமே நான். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் பாளையங்கோட்டையில் இனி இல்லை; ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கு, ஸ்வீடன், நார்வே என்று மோட்டார் வண்டியில் போய், வழியில் குறுக்கிடும் கடலையெல்லாம் படகில் தாண்டி, கோடைக்காலம் முழுவதும் சுற்றப்போகிறவள் சாராள். என்னோடு ஒரே போர்டிங்கில் வளர்ந்தவள். இப்போது ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்து அறையில் பாட்டும் வேதபாடமும் நடத்துகிறவள். நான் பூகோளம்.

இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியதும் அல்ல. அதற்கு முன்னால், மாசித் தொடக்கத்தில், நானும் அவளும் மாட்டுவண்டியில் தாமிரபரணியின் இரு கரைகளிலும் போய் வந்ததைப் பற்றியது. முக்கூடலில் ஆரம்பித்து உடன்குடியில் முடிந்தது. மூன்று இடங்களில் ஆற்றைத் தோணியில் தாண்டினோம். அந்த வழியில் போக நினைக்கும் பெண்களுக்கு உதவும் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதச் சொன்னார். வடதேசத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கும் இரண்டொரு குறிப்பு உண்டு. அப்படி நினைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. நான் ஒருத்தி.

எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைமை மிஸியம்மா. டென்மார்க்கு தேசத்து மிஷனரி. பல வருஷங்களுக்குப் பிறகு விடுப்பில் ஊருக்குப் போகிறார். அங்கே அவருடைய தம்பி மோட்டார் வண்டி வாங்கியிருக்கிறார். ஹாம்பர்க்கு துறைமுகத்தில் அக்காளை ஏற்றிக்கொண்டு வடக்கே போக முடிந்தவரை போவது என்று அவருக்கு ஆசை. வண்டியில் நாலு இருக்கை. தம்பி, தம்பியின் மனைவி, மிஸியம்மா. நாலாவது இருக்கையில் இங்கிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும், அங்குள்ள சபைகளில் அவள் நம் பெண்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது மிஸியம்மாவின் எண்ணம்.

போன ஆடியில் என்னைக் கூப்பிட்டு, தேசப்படத்தை விரித்து, வழி போடச் சொன்னார். சென்னையில் பி.ஏ. வரை வாசித்தவள், பூகோளம் நடத்துகிறவள். வேறு யாரிடம் சொல்வார்? இருக்கை எனக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மழைக்காலம் வரை அந்தப் படத்தின் மேல் குனிந்திருந்தேன். எந்தப் படகு எப்போது புறப்படும், எது மோட்டாரை ஏற்றும், எது ஏற்றாது. ஒவ்வொரு படகின் மேல்தட்டிலும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

கப்பல் கட்டணம் பிடியரிசிப் பணம். நம் சபைகளில் இதை அறியாதவர் இல்லை என்றாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் போட அரிசி எடுக்கும்போதெல்லாம் பெண்கள் அதில் ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து ஆள் வந்து வாங்கிப் போகும். அரிசி விற்ற பணம் பெண்களுடையது. ஆகவே யார் போவது என்று பெண்களே சொல்லட்டும் என்றார் மிஸியம்மா.

கார்த்திகையில் சங்கங்களின் கூட்டம் நடந்தது. உடன்குடி ஞானப்பூ அக்கா எழுந்தார். கருப்பட்டி வியாபாரம் செய்கிற விதவை. கடற்கரைப் பக்கத்துச் சங்கங்களுக்கெல்லாம் தலைவி. “எங்க அடுப்பங்கரையில உக்காந்து சாப்பிட்டவ போவட்டும்” என்றார். அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் சாராள் பக்கம் திரும்பின. விடுமுறைதோறும் அரிசி வாங்க ஊர் ஊராகப் போனவள் அவள். என் விடுமுறைகளில் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா வக்கீல். கப்பல் செலவை அவரே கொடுத்துவிடுவார். எனக்குக் குறை பணம் அல்ல, இருக்கை. அதைவிடவும் இன்னொன்று. முகம் தெரியாத பெண்கள் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து அனுப்புகிற ஒருத்தியாக இருப்பது. எனக்காக யாரும் ஒரு பிடி எடுத்துவைத்தது இல்லை. இதை நினைத்தபோது மார்பில் காந்தியது. பொறாமைக்கு உடம்பில் இடம் உண்டு. எனக்கு அது தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக் குழிக்கு மேலே.

புறப்படுமுன் சாராள் ஊர்களில் முகம் காட்டி விடைபெற வேண்டும். கூடவே ஒவ்வொரு சங்கமும் மிச்சப் பணத்தைக் கையில் கொடுக்கும். வண்டியில் உட்கார்ந்தபடியே வடதேசத்து வழியை அவளுக்குச் சொல்லிக்கொடு என்று மிஸியம்மா என்னையும் ஏற்றிவிட்டார்.

வில்வண்டி ஒன்று பேசினோம். நாளுக்கு ஒன்றேகால் ரூபாய்; மாட்டுத் தீவனம் நம் பொறுப்பு. வண்டிக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி. பேச்சு நிறுத்தாத மனிதர். விடியுமுன் கிளம்பி, பாலத்தைத் தாண்டி, திருநெல்வேலி வழியாக வடகரைச் சாலையில் போனோம். முக்கூடல் பதினேழு மைல். மாடுகளுக்கு வழியில் ஒருமுறை ஓய்வு கொடுத்தால் பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். சாலை நல்லது. பிசான நெல் அறுப்பு தொடங்கவில்லை. இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்து நின்றது. சாராள் வழி நெடுகப் பாடினாள். நான் படத்தைப் பிரித்தேன், மடித்தேன்.

நானும் போகிறேன் என்ற பேச்சு முக்கூடலில்தான் ஆரம்பித்தது. சங்கத்துப் பெண்கள் இரண்டு பாய் விரித்தார்கள். இரண்டு மாலை. இரண்டு வாழையிலை. இரண்டு கம்பளிச் சால்வை, குளிர் தேசமாமே என்று.

“ரெண்டு பேரும் எப்போ கப்பல் ஏறுதீய?”

“நான் போகவில்லை. சாராள் மட்டும்” என்றேன்.

“விளையாடாதீய டீச்சர்.”

“நிஜமாகத்தான்.”

“அப்போ இவ கூட யாரு போறா?”

“மிஸியம்மா போகிறார்களே.”

“அவிய அவிய ஊருக்குப் போறாவ. இவ கூட யாரு போறான்னுல்லா கேக்கேன்.”

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. நம் பக்கத்தில் சபை வேலையாகப் போகும் பெண்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். அரிசி வாங்கப் போனாலும், நோயாளி வீட்டில் ஜெபிக்கப் போனாலும் இரண்டு பேர். ஒருத்தி மட்டும் வாசலில் வந்து நின்றால், வா என்று சொல்லுமுன் “கூட வந்தவ எங்க?” என்றுதான் கேட்பார்கள். அது கட்டளை அல்ல; பழக்கம். அந்தப் பழக்கத்தில், வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினால் போகிறவர்களும் இரண்டு பேர். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்தார்கள். சால்வையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நல்ல சால்வை. சாராளுக்குக் கிடைத்தது நீலம், எனக்கு மண் நிறம். அவளுடையதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் துறை. முக்கூடலுக்குக் கொஞ்சம் கிழக்கே தென்கரைக்குத் தாண்டினோம். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பியிருக்கிறார்கள். மாடுகளை அவிழ்த்து வண்டியை மட்டும் கைகளால் தள்ளி ஏற்றுவார்கள். மாடுகள் கயிற்றின் நுனியில் பின்னால் நீந்தி வரும். வண்டிக்கு நாலணா, ஆளுக்குக் காலணா.

“என்னவே, மாட்டைக் குளிப்பாட்டக் கொண்டாந்தீரா, அக்கரைக்குப் போகவா?” என்றார் தோணிக்காரர்.

“உம்ம தோணியைப் பார்த்தா என் மாடுதான் அதை இழுத்துட்டுப் போகணும் போல இருக்குவே” என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

நடு ஆற்றில் சாராள் என் தோளைத் தட்டினாள். “இப்போ சொல்லு. அங்க முதல் கடல் எது?”

சொன்னேன். டென்மார்க்கு பாதி நிலத்தோடு ஒட்டியது, பாதி தீவு. நடுவே புகும் கடலுக்கு பெல்ட் என்று பெயர். முதலாவது சிறிய பெல்ட். கால் மணி நேரத்தில் தாண்டிவிடலாம். இரண்டாவது பெரிய பெல்ட். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்தப் படகு ரயில் பெட்டிகளையே தண்டவாளத்தோடு வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஒடுங்கிய கடல். அக்கரை கண்ணுக்குத் தெரியும். தாண்டியதும் வண்டியைச் சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், டென்மார்க்கில் வலப்பக்கம். இதை மறப்பவர்கள் முதல் திருப்பத்திலேயே எதிர்வண்டியைச் சந்திப்பார்கள்.

“சின்னது, பெரியது, ஒடுங்கினது” என்றாள் சாராள். “முக்கூடல், முறப்பநாடு, ஏரல். மூணு துறை. சரியாப் போச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்காக நான் நூலகத்திலிருந்து தருவித்த கடல்களை அவள் ஒரு மூச்சில் நம் ஆற்றில் கரைத்துவிட்டாள். கரைத்ததும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அன்று மாலை பாளையங்கோட்டை திரும்புவதற்குள் வழி முழுவதையும் தலைகீழாகச் சொன்னாள். எனக்கு அவள் மறக்க வேண்டும் என்று இருந்தது. எங்காவது ஒரு ஊர்ப் பெயரிலாவது.

மூன்றாம் நாள் கிழக்கே. முறப்பநாட்டுக்குப் பத்து மைல். அங்கே வடகரைக்குத் தாண்ட வேண்டும். காலை எட்டு மணிக்குள் போனால் காத்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகு தூத்துக்குடிக்குப் போகும் பாரவண்டிகள் வரிசை கட்டும். நாங்கள் ஒன்பதுக்குப் போய் மூன்று வண்டிக்குப் பின்னால் நின்றோம். தோணி திரும்பும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். ஆறு அங்கே திரும்பி ஓடுகிறது, மணல் வெள்ளை.

சாராள் கேட்டாள். “ஏளா எஸ்தர், உன் வழியில ஒரு ராத்திரி இருக்கே.”

“எது?”

“நார்வேயில. மிஸியம்மாவுக்கு மூணு நாளு கூட்டம். தம்பியும் சம்சாரமும் சிநேகிதர் வீட்டுக்குப் போறாவ. நான் மட்டும் ஒரு நீராவிப் படகுல ஏறி, மலைக்கு ஊடாலப் போற கடல்ல ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போயிட்டு வரணும்னு எழுதியிருக்கு. அங்க கூட்டமும் இல்ல, சபையும் இல்ல. அது என்னத்துக்கு?”

“பார்க்க நன்றாக இருக்கும்.”

“யாருக்கு?”

எழுந்து மணலைத் தட்டினேன். தோணி வந்துவிட்டது.

அந்த இடத்துக்கு அவர்கள் மொழியில் ஃபியோர்டு என்று பெயர். கடல் மலைகளுக்குள் நூறு மைல் நுழைந்து கிடக்கிறது. மோட்டார் போக வழி இல்லை. ஆனியில் அங்கே இரவு இருட்டுவதில்லையாம். சென்னையில் விடுதி நூலகத்தில் ஒரு புஸ்தகத்தில் அதன் படம் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். ஒரு சிறிய படகு. மேல்தட்டில் ஒரே ஓர் ஆள். போர்டிங்கில் நாற்பது பேர், விடுதியில் இருபது பேர், வீட்டில் எப்போதும் யாராவது. நான் வாழ்க்கையில் தனியாக இருந்தது இல்லை. வழி போடும்போது அந்த மூன்று நாள் இடைவெளியைக் கண்டதும் பென்சில் தானாகவே மேற்கே போயிற்று. அது எனக்காகப் போட்டது. இருக்கை கைமாறியபோது மற்ற எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்தேன். அதை அழிக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. அப்படியே கிடந்தது.

முறப்பநாட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டம், அங்கிருந்து ஏரல். வடகரையிலேயே நல்ல சாலை. ஸ்ரீவைகுண்டத்தில் சபை விடுதியில் தங்கலாம். பாய் உண்டு, தலையணை கொண்டுபோங்கள். வழியில் நாலு ஊர்களில் இறங்கினோம். நாலு ஊர்களிலும் எல்லாமே இரண்டு. நாலு ஊர்களிலும் அதே கேள்வி. நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு வீட்டில் ஒரு பெண் எனக்கு மீன் முள்ளை எடுத்து வைத்தாள், கப்பலில் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று. சாராள் பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்தவில்லை. அந்த ஒரு நேரம் நான் போகிறவளாக இருந்தேன். மீன் ருசியாக இருந்தது.

ஏரல் துறையில் மாலைக் காற்று. கடல் பக்கத்தில் இருப்பதால் பிற்பகலில் கீழ்க்காற்று எழும்பி தோணியை மேற்கே தள்ளும்; முடிந்தவரை காலையில் தாண்டுங்கள். நாங்கள் தாமதித்தோம். நடுவில் மணல் திட்டில் தட்டி நின்றது. தண்ணீர் முழங்காலளவு. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் தோணிக்காரர். சாராள் புடவையை இழுத்துச் செருகி முதலில் குதித்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி, கூட வந்த காய்கறிக்காரிகள், எல்லோரும். என் காலில் பூட்ஸ். கழற்றுவதற்குள் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

“டீச்சர் மட்டும் ராணியம்மாவாட்டம் வாறாவ பாரு” என்றாள் ஒரு காய்கறிக்காரி.

“விடுளா. அவிய பாரமே இல்ல. படிச்சுப் படிச்சு வத்திப் போயிட்டாவ” என்றாள் சாராள். எல்லோரும் சிரித்தார்கள்.

தோணி விடுபட்டுச் சில கெஜம் மிதந்து போயிற்று. அதில் நானும் ஒரு வண்டியும் மட்டும். ஆள் சத்தம் பின்னால். முன்னால் தண்ணீர், மேல்வானம் சிவப்பு. பிறகு தோணிக்காரர் எட்டிப் பிடித்து ஏறிவிட்டார். தனியாக இருப்பது இதுதான் என்று நினைத்தேன். இவ்வளவுதானா என்றும் நினைத்தேன். ஆனால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றிருந்தது.

ஏரலிலிருந்து குரும்பூர் வழியாக உடன்குடி பன்னிரண்டு மைல். கடைசி நாலு மைல் மணல். மாடு மூச்சு வாங்கும். நாம் இறங்கி நடப்பது நலம். பனைகளில் அப்போதுதான் பாளை சீவ ஆரம்பித்திருந்தார்கள். பதநீர் காலையில் கேட்டால் கிடைக்கும்.

சபைக் கோயில் முற்றத்தில் அறுபது எழுபது பெண்கள். ஞானப்பூ அக்கா நடுவில். அவர் பக்கத்தில் இரண்டு ஓலைப்பெட்டிகள், நிறையக் கருப்பட்டி. இவ்வளவு வழியிலும் கிடைத்ததில் பெரிய பங்கு உடன்குடியுடையது. அது இல்லாமல் கப்பல் கட்டணம் நிறையாது. இது எனக்கும் தெரியும், சாராளுக்கும் தெரியும், ஞானப்பூ அக்காவுக்கும் தெரியும்.

சாராள் எழுந்து வழியைச் சொன்னாள். நன்றாகச் சொன்னாள். சின்னக் கடல் முக்கூடல் மாதிரி, பெரிய கடல் முறப்பநாடு மாதிரி, ஆனால் அங்கே தோணிக்குள் ரயில் வரும். “பொய் சொல்லாத சாராளு” என்றது ஒரு குரல். “ரயிலு தோணியில ஏறினா தோணி எங்கன ஏறும்?” முற்றமே சிரித்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கடல்கள், அவள் வாயில்.

ஞானப்பூ அக்கா சிரிக்கவில்லை. “எல்லாம் சரிதான். முக்கூடல்லேருந்து சொல்லிவிட்டாவ. நீ தனியாப் போறியாமே.”

“மிஸியம்மா இருக்காவல்லா அக்கா.”

“அவிய ஊருல அவியளுக்கு ஆயிரம் சோலி. நம்ம பிள்ளை ஒரு எடத்துலயாவது ஒத்தையில நிக்குமா, நிக்காதா? அதைச் சொல்லு.”

சாராள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கேட்கவும் இல்லை. வழி போட்டவள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

“டீச்சர், நீங்கதானே வழி போட்டிய. நீங்க சொல்லுங்க” என்றார் ஞானப்பூ அக்கா.

எழுந்தேன். சொல்ல வேண்டியது உண்மை. உண்மையைச் சொன்னால் சாராள் போகமாட்டாள். அவள் போகாவிட்டால் இருக்கை காலி. அப்பா பணம் கட்டுவார். இத்தனையும் ஒரே கணத்தில் வரிசையாக நின்றன, பாரவண்டிகள் மாதிரி. உண்மையும் பொறாமையும் என்னை ஒரே திசையில் தள்ளின. எது தள்ளுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

“ஒரு இடத்தில் நிற்பாள்” என்றேன். “ஒரு பகல், ஒரு ராத்திரி. படகில்.”

ஞானப்பூ அக்கா முன்னுக்கு நகர்ந்தார்.

“ராத்திரியா?”

“அந்த மாசத்துல அங்க ராத்திரி இருட்டாதாம்” என்றாள் ஒரு சின்னப் பெண், சாராளுக்கு உதவியாக. சாராள் முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“வெளிச்சத்துல மட்டும் எல்லாவனும் நல்லவனா ஆயிருவானா?” என்றார் ஞானப்பூ அக்கா. “இல்ல சாராளு. ரெண்டு பேராப் போ. இல்லன்னா போகாத. உடன்குடி அரிசி ஒத்தையில அனுப்பாது.”

“அப்போ டீச்சரும் போட்டும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“வண்டியில் நாலு இருக்கைதான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நாலு இருக்கையா! காலை மடக்கி உக்காந்தா எட்டு பேரு உக்காரலாம். எங்க வண்டியில மைனி, பிள்ளைய, ஆட்டுக்குட்டி எல்லாம் வரலியா?”

மறுபடியும் சிரிப்பு. சாராள் சிரிக்கவில்லை. கீழே மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போர்டிங்கில் சின்ன வயதில் வீட்டிலிருந்து யாரும் பார்க்க வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் நிற்பாள். ஆறு வருஷம் இந்தச் சாலைகளில் நடந்தவள். நான் உட்கார்ந்துவிட்டால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

“அந்த ராத்திரியை எடுத்துவிடலாம்” என்றேன்.

ஞானப்பூ அக்கா திரும்பினார். “எடுக்கலாமா?”

“எடுக்கலாம். அங்கே வேலை ஒன்றும் இல்லை. மிஸியம்மாவின் கூட்டத்திலேயே இவளும் இருந்துவிடலாம். அதை எடுத்தால் வழி முழுவதும் யாராவது கூட இருப்பார்கள். ஒரு படகில்கூடத் தனி இல்லை.”

“பொறவு முதல்ல அதை என்னத்துக்குப் போட்டிய?”

எழுபது பேர். சாராளும்.

“எனக்காகப் போட்டது” என்றேன். “நான் போவேன் என்று நினைத்த காலத்தில்.”

யாரும் சிரிக்கவில்லை. ஞானப்பூ அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரக்கமாக அல்ல, எடை போடுகிற பார்வை.

“சரி. எடுத்துருங்க” என்றார். பணமுடிப்பைச் சாராள் கையில் வைத்தார். பிறகு இரண்டு ஓலைப்பெட்டிகளையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். இரண்டும் சாராளுக்கு. போகிறவள் ஒருத்திதான் என்று உடன்குடிக்கு மட்டும் விளங்கிவிட்டது.

திரும்பும்போது மணல் சாலை முடியும்வரை இறங்கி நடந்தோம். வண்டிக்குள் கருப்பட்டி வாசனை. குரும்பூர் தாண்டியதும் சாராள் சொன்னாள்.

“எனக்கும் அதைப் பாக்கணும்னு இருந்துச்சு எஸ்தர்.”

“எதை?”

“அந்தக் கறுப்புத் தண்ணியை. நீ எழுதி வச்சிருந்ததை வாசிச்சு வாசிச்சு எனக்கும் ஆசை வந்துட்டு. முறப்பநாட்டுல அதுக்குத்தான் கேட்டேன். அது எப்படி இருக்கும்னு நீ சொல்லுவேன்னு.”

நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைப்பதில் பயனில்லை. கடல்கள் மூன்றும் அவளுக்கு. ரயில் ஏறும் படகு, இடப்பக்கச் சாலை, இருக்கை, எழுபது பெண்கள், இரண்டு பெட்டிக் கருப்பட்டி. எல்லாம் அவளுக்கு. அது ஒன்று மட்டும் அவளுக்குக் கிடைக்காது. அதை அவளிடமிருந்து எடுத்தவள் நான், அவளை அனுப்பிவைப்பதற்காக. இந்த இரண்டும் எப்படி ஒரே செயலாக இருக்கக்கூடும் என்று குரும்பூரிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை யோசித்தேன். பிறகு தூங்கிவிட்டேன். விழித்தபோது என் மேல் நீலச் சால்வை கிடந்தது. அவள் மண் நிறத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கும் கோபம் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு. திரும்பி வர ஆற்றைத் தாண்டத் தேவையில்லை. தென்கரைச் சாலை ஆழ்வார்திருநகரி, கருங்குளம் வழியாகப் பாளையங்கோட்டை வரும். மொத்தம் எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்; ஆறு நாளில் முடிக்கலாம், மாடு தாங்காது. துறையின் சரிவில் இறங்குமுன் மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். வண்டியின் முன்பக்கம் அக்கரையைப் பார்க்கும்படி ஏற்றினால் இறக்குவது சுலபம். பூட்ஸ் வேண்டாம். வடதேசத்துக்குப் போகிறவர்களும் இதையே செய்யலாம்; அங்கேயும் படகில் மோட்டாரை ஏற்றினதும் இறங்கி மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும், உள்ளே உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. கம்பளி இரண்டு கொண்டுபோங்கள். கூட ஒரு ஆளைக் கொண்டுபோங்கள். கொண்டுபோகாவிட்டால் யார் என்று கேட்பார்கள். வழி போடுகிறவர்கள் தங்களுக்காக எதையும் உள்ளே வைத்துத் தைக்காதீர்கள். வைத்தால் பிரிக்கும்போது தெரியும்.

பாளையங்கோட்டை வந்ததும் புதிய வழியை மசியால் எழுதி மிஸியம்மாவிடம் கொடுத்தேன். வீட்டுக்குப் போனேன். சமையல்காரி காய்ச்சல் என்று வரவில்லை. நானே உலை வைத்தேன். அரிசி அளந்து, ஒரு பிடியைச் சங்கத்துப் பானையில் போட்டேன். பிறகு இன்னொரு பிடி எடுத்து, வேறொரு பானையில் போட்டு, மூடி வைத்தேன்.